சத்தம் குறைத்த காட்சி

“நீ எதுக்கும்மா சத்தத்தக் கொறச்சே?”

என் மகள் இந்தக் கேள்வியைக் கேட்டு மூன்று வருடங்கள் ஆகப்போகின்றன. ராசிபுரம் பேருந்து நிலையத்தில், புறப்படுவதற்காக உறுமிக்கொண்டிருந்த ஒரு பேருந்துக்குள், என் மடியில் சாய்ந்தபடி கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து முடிந்து சில மாதங்கள். கையிலிருந்த பன்னைப் பிய்த்து அவள் வாயில் வைத்தேன். இன்று கேட்டாலும் என் கை பன்னைத்தான் தேடும்.

நான் தம்மம்பட்டிப் பக்கத்துப் பெண். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். பி.யூ.சி. வரை படிக்க வைத்து, வெண்ணந்தூரில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்தில் என்னைக் கொடுத்தார். வீடும் தறிக்கூடமும் ஒரே கூரையின் கீழ். நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறிகள். கல்யாணமாகி வந்த முதல் வாரம் முழுக்க, தகரக் கூரைமேல் ஓயாமல் மழை பெய்கிற ஓர் ஊரில் நான் இருப்பதாகவே கனவு வந்தது. விழித்தால் மழை நிற்காது. வெளியே வந்து பார்த்தால் வெயில் கொளுத்தும்.

கூடத்துக்குள் யாரும் கத்திப் பேசுவதில்லை, கத்தினாலும் கேட்காது. வாயை அசைப்பார்கள், விரலைக் காட்டுவார்கள். எட்டாவது தறியிலிருக்கும் என் ஓரகத்தி, அதாவது கணவருடைய அண்ணன் மனைவி, முதல் தறியருகே நிற்கும் ஆளிடம் ஏதோ உதட்டை அசைப்பார். அவர் போய் நூல்கட்டை எடுத்து வருவார். வேலைக்குத் தேவையான நாலைந்து சைகைகள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் சமையற்கட்டையும் கணக்கு நோட்டையும் பார்த்துக்கொண்டேன். கூடத்துக்குள் போனால் எனக்குத் தலைவலி வரும். என் மகள் அங்கேதான் வளர்ந்தாள். தூளியே அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் கட்டியிருந்தது. தறி ஓடினால் தூங்குவாள். மின்சாரம் போய்த் தறி நின்றால் விழித்துக்கொண்டு அழுவாள்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. கறுப்பு வெள்ளைதான். பக்கவாட்டில் இழுத்து மூடும் மரக்கதவு வைத்தது. வீட்டைவிட உயரமான குழாயில் ஆன்டெனாவை ஏற்றி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினார்கள். காற்று அடங்கிய நாளில் படம் தெளிவாக இருக்கும். காற்றடித்தால், திரையில் தெரியும் மனிதர்கள் எல்லாரும் மாவுச் சல்லடைக்குப் பின்னால் நிற்பதுபோல் ஆகிவிடுவார்கள்.

முதல் நாளே என் கணவர் சொல்லிவிட்டார்: “எதப் பாக்கோணும், எதப் பாக்கக்கூடாதுன்னு நீயே பாத்துக்க. நீதான் படிச்சவ.”

படித்தவள் என்றால் தெரியும் என்று அர்த்தமா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் கொடுத்த வேலையைச் செய்யாமல் இருக்கவும் தெரியாது. ஒரு நோட்டுப் போட்டேன். ‘பார்க்கலாம்’, ‘கூடாது’ என்று இரண்டு பத்திகள் பிரித்தேன். ஒரு வாரத்துக்குள் நடுவில் மூன்றாவது பத்தி தேவைப்பட்டது: ‘யோசிக்க வேண்டும்’. எல்லாம் அதில்தான் போய் விழுந்தது. விவசாய நிகழ்ச்சியில் என்ன தப்பு என்று நினைத்தேன். அதில் பூச்சிமருந்து டப்பாவைத் திறந்து காட்டினார்கள். எங்கள் வீட்டிலும் அதே மாதிரி ஒரு டப்பா பரண்மேல் இருந்தது. யோசிக்க வேண்டும். செய்தியில் வெள்ளம் ஒரு மாட்டை அடித்துக்கொண்டு போயிற்று. யோசிக்க வேண்டும். பாட்டுகள் போடும் நேரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு பாட்டில் முதல் பாதி கோயில், இரண்டாம் பாதி அருவி.

ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய சோதனை. அன்று தறிக்கு விடுமுறை. சாயங்காலம் தமிழ்ப் படம். தெருவே எங்கள் முன் அறைக்கு வந்துவிடும். குழந்தைகள் தரையில், பெண்கள் சுவரோரம், ஆண்கள் வாசலில். நான் பெட்டிக்குப் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்துகொள்வேன். ஒருமுறை, கத்தியெடுத்துக் குத்த வரும் காட்சியில் மரக்கதவை இழுத்து மூடினேன். சுவரோரத்திலிருந்து ஓர் அம்மா சொன்னார்: “ஏனுங்க, படம் பாக்க வந்தமா, பொட்டியப் பாக்க வந்தமா?” எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அன்று இரவே ஒரு வழி தோன்றியது. கதவை மூட வேண்டாம். சத்தத்தைக் குறைத்துவிடலாம். குழந்தைகளுக்குப் படம் மட்டும் தெரியும், விஷயம் புரியாது. யாரோ இருவர் நிற்கிறார்கள், வாயசைக்கிறார்கள், அவ்வளவுதான். கெட்ட பேச்சும் சண்டையும் அழுகையும் காதில் விழாமல் போனால் காட்சியில் பாதி விஷம் போயிற்று என்று கணக்குப் போட்டேன். அடுத்த ஞாயிறு செய்து பார்த்தேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியவர்கள்கூட முணுமுணுக்கவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் படிப்புக்குத் தருகிற மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

தெருக் குழந்தைகள் எனக்குத் ‘திருகு அத்தை’ என்று பெயர் வைத்தார்கள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகின்மேல் என் விரல்கள் எந்நேரமும் இருந்ததால்தான். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை இப்போது நினைத்தால் தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தது போல இருக்கிறது. இருட்டிய அறை. பெட்டியிலிருந்து நீலமாக ஒரு வெளிச்சம். தறிக்கூடத்திலிருந்து எப்படியோ வந்துவிடும் பஞ்சுத் தூசி அந்த வெளிச்சத்தில் மிதக்கும். நான் திருகைக் குறைத்ததும் உலகம் முழுக்க அமைதியாகிவிடும். திரையில் பெரிய பெரிய முகங்கள் மீன்களைப் போல வாயைத் திறந்து மூடும். தரையில் இருபது குழந்தைகள் ஆடாமல் அசையாமல். அவர்களுடைய உதடுகளும் லேசாக அசைவதுபோல் ஒருநாள் எனக்குத் தோன்றியது. பொரி மெல்கிறார்கள் என்று நினைத்தேன்.

அப்போது எனக்கு இரண்டாவது குழந்தை உண்டாகி ஐந்தாம் மாதம். ஒரு ஞாயிறு, மின்சாரம் வராமல் இருந்து, படம் தொடங்கிச் சிறிது நேரம் கழித்துத்தான் வந்தது. அதனால் அது என்ன படம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஓர் இளம் தாய், அவளுக்கு ஒரு சின்னப் பெண். எங்கேயோ ஓட்டு வீடு, குடிகாரப் புருஷன். அது வரைக்கும் சமாளித்தேன். பிறகு ரயில் நிலையம் வந்தது. தாய் அந்தப் பெண்ணைச் சிமெண்டுப் பலகையில் உட்கார வைத்து, தலையைக் கோதி, கவுனை இழுத்துவிட்டாள். அந்தத் தாயின் கண்களைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இவள் விட்டுவிட்டுப் போகப் போகிறாள். என் விரல்கள் தானாகத் திருகின.

சத்தமில்லாமல் அவள் ஏதோ சொன்னாள். முகம் திரை முழுக்கத் தெரிந்தது. குழந்தை தலையாட்டியது. அவள் எழுந்து கூட்டத்துக்குள் போனாள். குழந்தை காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ரயில்கள் வந்தன, போயின. பலகையின் நிழல் நீண்டது. அந்த இடத்தில் மின்சாரம் மறுபடியும் போய்விட்டது. விளக்கேற்றி, எல்லாரும் விசிறிக்கொண்டு காத்திருந்தார்கள். மின்சாரம் திரும்பி வந்தபோது படம் முடிந்து செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

அன்று நோட்டில் எழுதினேன்: ‘ஞாயிறு படம். ஓர் இடத்தில் சத்தம் குறைத்தேன். பாதகமில்லை.’

அதற்குப் பிறகு என் மகள் என்னை விட்டு நகரவில்லை. கிணற்றடிக்குப் போனால் வருவாள். கொல்லைப்புறம் போனால் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, “உள்ளதான இருக்கே?” என்பாள். பள்ளிக்கூட வாசலில் என் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நிற்பாள். தம்பியோ தங்கையோ வரப்போகிற ஏக்கம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பத்திரிகையில்கூட அப்படி எழுதியிருந்தது.

ஏழாம் மாதம் பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்குப் புறப்பட்டேன். என் கணவருக்கு அன்று தறியில் புதுப் பாவு நூல் ஏற்றும் வேலை. “நாளைக்குப் போலாமே” என்றார். நல்ல நாள் பார்த்தாகிவிட்டது, நானே போய்க்கொள்வேன் என்றேன். வெண்ணந்தூரிலிருந்து ராசிபுரம் வரை ஒரு பேருந்து, அங்கிருந்து தம்மம்பட்டிக்கு இன்னொன்று. ராசிபுரத்தில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. குழந்தைக்குப் பசிக்கும் என்று தோன்றியது. தேநீர்க் கடையில் கூட்டம். அவளையும் பையையும் இழுத்துக்கொண்டு அதற்குள் நுழைய முடியாது. ஒரு சிமெண்டுப் பலகையில் உட்கார வைத்தேன். தலையைக் கோதினேன். கவுனை இழுத்துவிட்டேன்.

“இங்கியே உக்காந்திரு கண்ணு. அம்மா போய் பன்னு வாங்கிட்டு வந்துடறேன்.”

அவள் என் வாயையே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். இரண்டு பன்களோடு திரும்பினால், பலகையில் பை இருந்தது. அவள் இல்லை.

அந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. பேருந்துகள் வாயைத் திறந்து மூடியது தெரிகிறது. ஒரு சத்தமும் ஞாபகமில்லை. நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனாம். அங்கே பூ விற்ற ஒரு பெண் பிறகு சொன்னார், நான் கூப்பிட்டது நிலையம் முழுக்கக் கேட்டதென்று. எனக்கே கேட்கவில்லை.

வெண்ணந்தூர் திரும்பிப் போகும் பேருந்தின் நடத்துனர்தான் கையைக் காட்டி அழைத்தார்.

“ஏனுங்க, இந்தப் புள்ள உங்களுதுங்களா? அம்மா உட்டுட்டுப் போயிட்டாங்க, என்னைய ஊட்டுல கொண்டுபோயி உட்ருங்கன்னு சொல்லுதுங்க. சீட்டுக்குக் காசு பெரியம்மா தருவாங்களாமா.”

ஜன்னலோர இருக்கையில் நேராக உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பின்னிருக்கையில் இருந்த ஒரு பெண் என் வயிற்றையும் என்னையும் பார்த்துவிட்டு, “ஒண்ண உட்டுட்டு இன்னொண்ணா? நல்லாருக்குதே ஞாயம்” என்றார். அந்த இருக்கையிலேயே மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நடத்துனர் நல்ல மனிதர். “வண்டி எடுக்க இன்னும் அஞ்சு நிமிசம் இருக்குதுங்க, பொறுமையா எறங்குங்க” என்றார்.

“அம்மாதான் வர்றேன்னு சொன்னேனே. ஏன் சாமி எந்திரிச்சுப் போனே?”

“அந்தம்மாளும் இதேதான் சொன்னாங்க.”

“எந்த அம்மா?”

“பொட்டியில வந்தவங்க. இங்கியே இரு, பன்னு வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனாங்கல்ல. வரவேயில்ல.”

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. “அதுல சத்தமே இல்லியே கண்ணு. அம்மா கொறச்சுட்டேனே.”

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “வாயத்தான் பாத்தனே” என்றாள்.

இஞ்சினை முடுக்கினார்கள். பேருந்து முழுக்க அதிர்ந்தது, தறிக்கூடம் போல. அந்த அதிர்வில் அவள் முகம் கொஞ்சம் இளகி, என் மேல் சாய்ந்துகொண்டு, முதலில் எழுதினேனே, அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் பன்னைப் பிய்த்தேன். அவள் மென்றுகொண்டே மேலும் சொன்னாள்:

“அந்தம்மா பொய் சொல்றாங்கன்னு உனக்கு மொதல்லயே தெரியுமா?”

மகன் பிறந்து, மூன்றாம் மாதம் வெண்ணந்தூருக்குத் திரும்பிய பிறகுதான் என் ஓரகத்தியிடம் கேட்டேன். தறி நின்றிருந்த ஒரு மத்தியானம். அவர் தார்க்குச்சிகளில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அக்கா, நான் சத்தத்தைக் குறைக்கிறப்போ உங்களுக்கெல்லாம் புரியுமா?”

“புரியாம? தறிக்கூடத்துல பொழைக்கறவளுக்குக் காது எதுக்கு? தோடு போடத்தான்.”

“அப்போ குழந்தைங்களுக்கு?”

“நம்மளவிட அதுகளுக்கு நல்லாத் தெரியும். பல்லு மொளைக்கறதுக்கு முந்தியே படிச்சிருதுக.”

“ஏன் என்கிட்ட சொல்லலை?”

அவர் நூலை நிறுத்திவிட்டு உண்மையாகவே யோசித்தார். “நீ படிச்சவ. ஏதோ காரணமாத்தான் பண்றேன்னு இருந்தம். அப்பறம், சத்தமில்லாமப் பாக்கறதுதான் எங்களுக்கும் சுகமா இருந்துச்சு.” பிறகு சிரிப்பை அடக்கமுடியாமல், “உனக்குத்தான் பாவம், கதை அங்கங்க உட்டுப்போயிருக்கும்” என்றார்.

ஆமாம். அந்த அறையில், அந்தத் தாய் என்ன சொன்னாள் என்று தெரியாதவள் நான் ஒருத்திதான். தெரிந்திருந்தால் அதே பேச்சை அதே மாதிரி பலகையில் உட்கார வைத்துச் சொல்லியிருப்பேனா? என் பிள்ளையைக் காப்பாற்ற நினைத்து, என் காதைத்தான் பொத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன்பிறகு ஒருநாள் தறிக்கூடத்தின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் நின்றேன். எட்டுத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. மேலே கண்ணாடி ஓட்டு வழியாக வெயில் சாய்வாக இறங்க, அதில் பஞ்சு மெதுவாகச் சுற்றியது. அந்த மூலையில் என் ஓரகத்தி, இந்த மூலையில் என் மகள். இருவருக்கும் நடுவில் அத்தனை இரைச்சல். அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் ஏதோ நீளமாகச் சொன்னாள். அவர் புருவத்தைத் தூக்கினார். இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் இருக்கும். இல்லாமலும் இருக்கலாம். சத்தம் குறைத்த பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது போல நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அழகாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

இப்போது என் மகளுக்கு எட்டு நடக்கிறது. என்னைப் பின்தொடர்வது நின்றுவிட்டது. ஆனால் நான் ‘வந்துடறேன்’ என்று சொன்னால், யாரிடம் சொன்னாலும், எங்கிருந்தாலும் நிமிர்ந்து என் வாயைப் பார்க்கிறாள். அந்தப் பார்வைக்குப் பயந்து, எங்கே போகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று கடிகாரத்தைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் வாசற்படி இறங்குகிறேன். ஒருமுறை பேருந்து தாமதமாகி அரை மணி நேரம் பிந்தி வந்தேன். அவள் கோபிக்கவில்லை. “பொய் சொல்லல, லேட்டாயிருச்சு, அவ்வளவுதான?” என்று என்னையே கேட்டாள். நான் தலையாட்டினேன்.

மகனுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. அவனும் அந்தக் கதவுக்குப் பக்கத்துத் தூளியில்தான் வளர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை அவனை மடியில் வைத்துக்கொண்டு அக்காள் உட்காருகிறாள். போன வாரம் ஒரு படத்தில் தகப்பன் பெல்ட்டைக் கழற்றினான். என் விரல்கள் திருகின்மேல் போய், நின்றுவிட்டன. மகள் தம்பியின் கண்களை உள்ளங்கையால் பொத்தினாள். பொத்திவிட்டு, நான் அதைச் சரி என்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன முகம் காட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் அவளுடைய விரல்களுக்கு நடுவில் பார்த்துக்கொண்டிருந்தான்.

நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். ‘யோசிக்க வேண்டும்’ என்ற பத்தி மட்டும் மூன்றாவது நோட்டுக்கு வந்துவிட்டது. பெட்டியை விற்றுவிடலாம் என்றால் தெரு முழுக்க வீட்டுக்கு வீடு பெட்டி. பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லிப் பார்த்தேன். “இது நடிப்பு கண்ணு, நிஜமில்ல” என்றேன். “அப்போ திரும்பி வர்றதும் நடிப்புதானா?” என்றாள்.

இதைப் படிக்கிறவர்களில் குழந்தை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். நீங்கள் எதை மறைத்தீர்கள், எதைக் காட்டினீர்கள், எந்த வயதில்? எனக்கு எழுதுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தைகள் காதால் கேட்கிறவர்களாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தப் படத்தை முடிவு வரை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பெயர் தெரியாது. ரயில் நிலையம், சிமெண்டுப் பலகை, கவுன் போட்ட சின்னப் பெண். அந்த அம்மா திரும்பி வந்தாளா? என் மகள் இன்னும் கேட்கிறாள். “வந்திருப்பாங்க” என்று சொன்னால், “நீ பாத்தியா?” என்கிறாள். வந்தாள் என்றால் ஒரு வரி எழுதிப் போடுங்கள், அவளிடமே கடிதத்தைக் காட்டிவிடுகிறேன். வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஆனால் அதை எட்டு வயதுப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என்னால் மெதுவாகச் சொல்லிவிட முடியாது. என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.